சங்கத்து டிரைவ் ஃபோல்டர்: பழைய செயலாளர் கணக்கைக் காலி செய்கிறாராம், என்ன செய்வது?

புதுச்செயலர் | சனி, இரவு 9:40

வணக்கம். மதுரைப் பக்கம் 64 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் போன மாதம்தான் நான் செயலாளர் ஆனேன். கூட்டத்தில் தண்ணீர் குடிக்க எழுந்தேன், கையைத் தூக்கினேன் என்று நினைத்துத் துண்டு போட்டுவிட்டார்கள்.

பழைய செயலாளர் 2018-லிருந்து எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தார். மாதப் பராமரிப்பு ஷீட், பொதுக்குழுத் தீர்மானங்கள், போர்வெல் பில், லாரித் தண்ணீர் ரசீது, எல்லாம் அதில்தான். என்னை எடிட்டராகச் சேர்த்திருக்கிறார். என் போனில் நன்றாகத் திறக்கிறது. சரி, நம்மிடம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

நேற்று அவர் மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார். அப்பாவின் 15 ஜிபி நிறைந்து, மெயில் வருவதே நின்றுவிட்டதாம். பழையதையெல்லாம் இந்த வாரம் அழிக்கப் போகிறாராம். "உங்களிடம்தான் காப்பி இருக்கிறதே அங்கிள்" என்றார். நானும் "ஆமாம் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் சந்தேகம் வந்தது. உண்மையிலேயே என்னிடம் காப்பி இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 9:52

இல்லை. இப்போதே அந்தப் பையனுக்கு போன் போட்டுக் கையை நிறுத்தச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் பேசுவோம்.

வேப்பமரத்தடி | சனி, இரவு 10:30

ஐயா, இதை நிலமாக நினைத்துப் பாருங்கள், சுலபமாகப் புரியும். பழைய செயலாளர் உங்களுக்குக் கொடுத்தது சாவி. பட்டா இன்னும் அவர் பெயரில்தான். நீங்கள் உள்ளே போகலாம், வரலாம், செடி நடலாம், சுவருக்கு வெள்ளை அடிக்கலாம். அவர் இடித்துவிட்டால் உங்கள் கையில் சாவி மட்டும் மிஞ்சும்.

கூகுள் டிரைவில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரே ஓனர்தான். யார் உருவாக்கினாரோ, யார் ஏற்றினாரோ அவர். இடமும் அவர் கணக்கில்தான் குறையும். உங்கள் "ஷேர்டு வித் மீ"யில் தெரிகிற எதுவும் உங்கள் 15 ஜிபியில் ஒரு துளியும் எடுக்காது. எடுக்கவில்லை என்பதுதான் அது உங்களுடையது இல்லை என்பதற்கு அத்தாட்சி.

அதை இழுத்து "மை டிரைவ்"வுக்குள் வைத்திருக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். 2020 செப்டம்பர் கடைசியிலிருந்து அங்கே வருவது வெறும் ஷார்ட்கட். வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. பலகையைக் கழற்றினால் வீடு போகாது. வீடு போனால் பலகையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு ஆறுதல் உண்டு. ஓனர் அழித்தவை 30 நாள் அவருடைய குப்பைத்தொட்டியில் கிடக்கும். அவர் அங்கிருந்தும் நிரந்தரமாக நீக்கும்வரை நீங்கள் திறக்கலாம், நகல் எடுக்கலாம். ஆனால் இடம் வேண்டும் என்று அழிப்பவர் தொட்டியையும் சேர்த்தேதான் காலி செய்வார். அதனால் அந்த 30 நாளை நம்ப வேண்டாம்.

இரண்டு வழி சொல்கிறேன்.

முதலாவது பட்டா மாறுதல். அவர் கணினியில் உட்கார வேண்டும். கோப்பின் ஷேர் பெட்டியைத் திறந்தால் உங்கள் பெயருக்கு எதிரே "எடிட்டர்" என்று இருக்கும். அதைத் தட்டினால் வரும் பட்டியலில் "ட்ரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்" இருக்கும். கொடுத்ததும் உங்களுக்கு மெயில் வரும், நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்கும்வரை அவர் பெயர்தான். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஃபோல்டரை மாற்றினால் ஃபோல்டர் மட்டும்தான் மாறும். உள்ளே இருக்கும் கோப்புகள் அப்படியே பழைய ஓனர் பெயரில் இருக்கும். பீரோவை எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே இருக்கும் சேலைகளை எழுதிக் கொடுக்காத கதை. உள்ளே போய் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துத் தனியாக மாற்ற வேண்டும்.

இரண்டாவது, நீங்களே கோப்புகளைத் தேர்ந்தெடுத்து "மேக் எ காப்பி" கொடுப்பது. நகல் உங்கள் பெயரில் வரும், உங்கள் இடத்தை எடுக்கும். ஆனால் அதில் பழைய வெர்ஷன் ஹிஸ்டரி, அதாவது யார் எப்போது என்ன மாற்றினார் என்ற பதிவு, இருக்காது, லிங்க்கும் புதிதாக இருக்கும். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய கியூஆர் கோடு பழைய கோப்பைத்தான் காட்டும்.

புதுச்செயலர் | ஞாயிறு, காலை 6:15

பையனிடம் பேசிவிட்டேன். ஒரு வாரம் பொறுக்கிறேன் என்றார். பாவம், நல்ல பையன்.

கணினியில் திறந்து பட்டியல் வடிவில் வைத்தேன். "ஓனர்" என்று ஒரு பத்தியே இருக்கிறது, இத்தனை நாள் கண்ணில் படவில்லை. மொத்தம் 412 கோப்பு. ஏறக்குறைய எல்லாம் பழைய செயலாளர் பெயர். நான் போன மாதம் ஏற்றிய ஐந்தாறு என் பெயரில். 21 கோப்பு பொருளாளர் பெயரில். அவர் எப்போது ஏற்றினார் என்று அவருக்கே தெரியாது.

டப்பாகம்ப்யூட்டர் | ஞாயிறு, காலை 7:02

எதற்கு இவ்வளவு சுற்று? ஃபோல்டரை டவுன்லோடு பண்ணி ஹார்ட் டிஸ்கில் போட்டு அலமாரியில் பூட்டுங்கள். வேலை முடிந்தது. ஊரான் வீட்டுக் கம்ப்யூட்டரில் நம் சாமானை வைத்தால் இப்படித்தான்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 7:40

டப்பா சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியைக் கட்டாயம் செய்யுங்கள். மீதிப் பாதிக்கு வருகிறேன்.

டவுன்லோடு செய்தால் கூகுள் ஷீட் எல்லாம் எக்செல் கோப்பாக மாறி வரும். கணக்கு எண்களுக்குப் பழுதில்லை. பெரிய ஃபோல்டர் என்றால் ஒரே ஜிப்பாக வராது, பிரிந்து பிரிந்து வரும். கடைசி ஜிப் வந்ததா என்று பார்க்காமல் மூடிவிட்டு ஆறு மாதம் கழித்துத் தேடியவர்களை எனக்குத் தெரியும். 412 என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? இறக்கிய பிறகும் எண்ணுங்கள். கூகுள் ஃபார்ம் ஏதாவது இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். ஃபார்மை நகலெடுத்தால் கேள்விகள் மட்டுமே வரும், வந்த பதில்கள் வராது. பதில் ஷீட்டையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும்.

ஆனால் அலமாரியில் பூட்டிய டிஸ்கில் நாளைக்கு வாட்ச்மேன் சம்பளத்தை யார் பதிவது? அது பத்திரம் மட்டும்தான். நடமாட்டத்துக்கு டிரைவ் வேண்டும். இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கம்ப்யூட்டரில் டிரைவ் ஆப் போட்டு எல்லாம் தானாக சிங்க் ஆகிறது, அதனால் பேக்கப் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிங்க் என்பது கண்ணாடி. இந்தப் பக்கம் அழித்தால் அந்தப் பக்கமும் அழியும். வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டினால் பூட்டியதே மேலே ஏறும். பிடிஎஃப், எக்செல் மாதிரி கோப்புகளுக்குப் பழைய வெர்ஷன் 30 நாள் அல்லது 100 வெர்ஷன் வரைதான் டிரைவில் இருக்கும். "கீப் ஃபாரெவர்" கொடுத்தவை மட்டும் விதிவிலக்கு.

மீனாட்சிபுரத்தாள் | ஞாயிறு, காலை 9:11

புதுச்செயலர் அண்ணே, பட்டா மாற்றுவது இருக்கட்டும். லிங்க் எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா? "எனிஒன் வித் த லிங்க்", அதுவும் "எடிட்டர்" என்று இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் அடுக்ககத்தில் பராமரிப்புக் கட்டண ஷீட்டை அப்படித்தான் வாட்ஸப் குழுவில் போட்டு வைத்திருந்தேன். அவரவர் கட்டியதை அவரவரே பதியட்டும் என்று. ஒரு நாள் மூன்றாம் மாடி அண்ணாச்சி தன் பெயரைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. அகர வரிசையில் வைத்தால் சுலபம் என்று பெயர் இருக்கும் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டார். வீட்டு எண் அப்படியே நிற்கிறது, தொகை அப்படியே நிற்கிறது, பெயர்கள் மட்டும் இடம் மாறிவிட்டன. ஒரு பைசா பாக்கி இல்லாத டீச்சரம்மா பெயருக்கு நேரே 14,000 பாக்கி. ஆறு மாதமாகக் கட்டாதவர் பெயருக்கு நேரே "முழுவதும் செலுத்தியாயிற்று". அவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டு நன்றி வேறு சொன்னார்.

பார்த்த உடனே வயிற்றைக் கலக்கியது. ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி போனேன். முந்தின நாள் ராத்திரி 8:50 பதிப்பு நல்லபடியாக இருந்தது. ரீஸ்டோர் கொடுத்தேன், இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. டீச்சரம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் இரண்டு வாரம் ஆனது.

லிங்க் வழியாக யார் வேண்டுமானாலும் எடிட்டர் என்று வைத்தால் லாகின் செய்யாதவர்கள் எல்லாம் "அனானிமஸ்" என்று ஏதாவது ஒரு விலங்கின் பெயரில்தான் தெரிவார்கள். அண்ணாச்சி தானாக வந்து ஒப்புக்கொண்டார், இல்லாவிட்டால் இன்றுவரை தெரிந்திருக்காது.

இப்போது பதிவதற்கு மூன்று பேரை மட்டும் மெயில் முகவரி போட்டு எடிட்டராக வைத்திருக்கிறேன். மற்றவர்களுக்கு வியூவர். ஷேர் பெட்டியின் பல்சக்கரக் குறியைத் தட்டி, எடிட்டர்கள் மற்றவர்களைச் சேர்க்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிட்டேன். எடிட்டர்களும் வரிசைப்படுத்திப் பார்க்க ஆசைப்பட்டால் "ஃபில்டர் வியூ"வில் பார்க்கட்டும், அது அவர்கள் கண்ணுக்கு மட்டும்தான் மாறும்.

தெற்குவாசல் | ஞாயிறு, காலை 9:30

14,000 கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும் அக்கா.

எங்கள் சங்கத்தில் வேறு மாதிரி. ஒரு பெரியவர் "இத்தனை படமும் என் போன் இடத்தை அடைக்கிறது" என்று ஷேர் ஃபோல்டருக்குள்ளே போய் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தார். அவர் எடிட்டர். யாரோ கவனித்து நிறுத்தும்போது நாற்பது ஐம்பது போய்விட்டது. எல்லாம் அழிந்துவிட்டதா?

வேப்பமரத்தடி | ஞாயிறு, காலை 10:05

அழிந்திருக்காது. கூகுள் டிரைவில் அடுத்தவர் கோப்பை எடிட்டர் நிரந்தரமாக அழிக்க முடியாது. கோப்பு அந்த ஃபோல்டரை விட்டு வெளியே விழும், அவ்வளவுதான். ஏற்றியவர் தன் கணக்கில் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும், எடுத்து மறுபடி உள்ளே போடலாம். ஃபோல்டரின் ஆக்டிவிட்டி பகுதியில் யார் எதை எப்போது நீக்கினார் என்று வரிசையாக இருக்கும், அதை வைத்துத் தேடுங்கள். பெரியவருக்கு வியூவர் போதும்.

யாழ்வாடி | ஞாயிறு, பகல் 12:20

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட பழைய மாணவர் சங்கத்தில் டிராப்பாக்ஸ் பாவித்தோம். அங்கே முறை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். டிராப்பாக்ஸில் பகிர்ந்த ஃபோல்டர் அதில் சேர்ந்த எல்லாரின் இடத்திலும் கழியும். இலவசக் கணக்கு 2 ஜிபி. கனடாவில் இருக்கிற ஒரு அண்ணா விளையாட்டுப்போட்டி வீடியோவை ஒரு ஜிபிக்கு மேல் ஏற்றினார், எங்கள் எல்லாருக்கும் ஒரே இரவில் இடம் முடிந்தது. அங்கே எடிட் உரிமை உள்ளவர் அழித்தால் எல்லாருக்கும் மறைந்துவிடும். 30 நாளுக்குள் மீட்கலாம் என்பதுதான் ஆறுதல். ஒன்டிரைவில் இலவசம் 5 ஜிபி, பகிர்ந்தது ஓனர் கணக்கில் மட்டும் கழியும்.

எனக்கும் ஒரு கேள்வி. 2005, 2006-ல் தட்டெழுதின கூட்ட அறிக்கைகள் வேர்ட் கோப்பாக இருக்கின்றன. கணினியில் வடிவாகத் தெரிகிறது. டிரைவில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுது. கோப்பு பழுதாகிவிட்டதா?

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, பகல் 12:48

பழுதில்லை அண்ணா, அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அரைப்புள்ளி வருகிறது என்றீர்களே, அதுவே காட்டிக்கொடுக்கிறது. பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. அந்தக் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதற்கு மேலே தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. உங்கள் கணினியில் பாமினி இருக்கிறது, டிரைவில் இல்லை, முகமூடி கழன்றுவிட்டது. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி அல்லது என்எச்எம் கன்வெர்ட்டர் வழியாக, எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றி ஏற்றுங்கள். அப்புறம் தேடினாலும் கிடைக்கும். பாமினியில் இருக்கும்வரை "தலைவர்" என்று தேடினால் ஒன்றும் வராது. எங்கள் ஊரில் இதே கூத்து டாப், டாம் எழுத்துருக்களில் நடக்கிறது.

அச்சிட்ட பழைய நோட்டீஸ், ஆண்டறிக்கை ஸ்கேன் இருந்தால் அதன் மேல் வலது சொடுக்கி "ஓப்பன் வித்" போய் கூகுள் டாக்ஸ் கொடுத்துப் பாருங்கள். படத்துக்குக் கீழே எழுத்தாக எடுத்துத் தரும். தமிழ் அச்சுக்கு வியக்கும்படி நன்றாக வேலை செய்கிறது. கையெழுத்துத் தீர்மானப் புத்தகத்தைக் கொடுத்தால் மட்டும் கவிதை எழுதிக் கொடுக்கும்.

யாழ்வாடி | ஞாயிறு, பகல் 1:15

பெரிய உதவி. ஒரு கோப்பை மாற்றிப் பார்த்தேன், வந்துவிட்டது. நன்றி.

டப்பாகம்ப்யூட்டர் | ஞாயிறு, மாலை 4:30

இத்தனை பேர் பேசினீர்கள், ஒருவரும் இதைக் கேட்கவில்லை. அந்தப் பெரியவருடைய 15 ஜிபியை நிறைத்தது சங்கத்துக் கோப்புதானா? 412 பில் ஸ்கேன் எவ்வளவு வந்துவிடும்? 500 எம்பி வந்தால் அதிகம். 2021 ஜூன் 1-க்கு முன் உருவாக்கி, அதன் பிறகு திருத்தாத ஷீட், டாக்ஸ் எல்லாம் கணக்கிலேயே வராது.

டிரைவ், ஜிமெயில், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் 15 ஜிபி. அதே 2021 ஜூனிலிருந்து போட்டோவும் கழிகிறது. 2024-லிருந்து ஆண்ட்ராய்டு வாட்ஸப் பேக்கப்பும் அதில் சேர்ந்துவிட்டது. குட்மார்னிங் ரோஜாப் பூவும், பேரன் தவழும் வீடியோ ஐந்து குழுவிலிருந்து ஐந்து முறையும் அதற்குள்தான் இருக்கும். வாட்ஸப் சேமிப்பு அமைப்பில் போய்ப் பெரிய வீடியோக்களை அழித்துவிட்டு, பேக்கப்பில் வீடியோ சேர்க்கும் டிக்கை எடுக்கச் சொல்லுங்கள். மகன் கையை ஓங்கவே வேண்டியிருக்காது.

வேப்பமரத்தடி | ஞாயிறு, மாலை 4:41

ஒப்புக்கொள்கிறேன். இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

புதுச்செயலர் | செவ்வாய், இரவு 10:05

டப்பா அவர்களே, உங்கள் வாயில் சர்க்கரை. வாட்ஸப் பேக்கப் மட்டும் 9 ஜிபிக்கு மேல். சங்கத்து ஃபோல்டர் மொத்தமும் 340 எம்பி. பெரியவர் "ரோஜாப் பூவை அழிக்கலாம், பேரனை அழிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாராம்.

ஆனாலும் பட்டாவை மாற்றிவிடுவது என்று முடிவு. ஒரு கேள்வி. என் பெயருக்கு மாற்றினால் அடுத்த தேர்தலில் இதே கதைதானே? சங்கத்துக்கென்று தனி ஜிமெயில் தொடங்கினால் என்ன?

மீனாட்சிபுரத்தாள் | செவ்வாய், இரவு 10:20

தொடங்குங்கள், நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஆனால் கடவுச்சொல்லை ஐந்து பேருக்குக் கொடுக்காதீர்கள். ஒருவர் புது போனில் நுழைந்தால் சரிபார்ப்பு எண் இன்னொருவர் போனுக்கு வரும். எங்கள் கணக்கைத் திறக்க ஒரு முறை துபாயில் தூங்கிக்கொண்டிருந்த முன்னாள் பொருளாளரை எழுப்ப வேண்டியதாயிற்று. சங்கக் கணக்கு ஓனர் மட்டும்தான். தினசரி வேலைக்கு அவரவர் சொந்த மெயிலையே எடிட்டராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லும், கூகுள் கொடுக்கும் பேக்கப் கோடுகளும் ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, தீர்மானப் புத்தகத்தோடு பீரோவில். மீட்பு எண்ணுக்குச் சங்க அலுவலக போன்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 10:44

அந்தக் கணக்கில் அவ்வப்போது யாராவது நுழையவும் வேண்டும். இரண்டு வருடம் தொடாத கணக்கை கூகுள் நீக்கலாம், 2023 டிசம்பரிலிருந்து அந்த விதி நடைமுறையில் இருக்கிறது. வருடாந்திரப் பொதுக்குழு அன்று நுழைவதை வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். காசு கட்டி நிறுவனக் கணக்கு எடுத்தால் "ஷேர்டு டிரைவ்" கிடைக்கும், அங்கே கோப்பு நிறுவனத்துக்கே சொந்தம், ஆள் போனாலும் கோப்பு நிற்கும். 64 வீட்டுக்கு அது தேவையா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் வேண்டாம்.

குடியிருப்போரின் ஆதார் நகல் ஏதும் அந்த ஃபோல்டரில் இருக்கிறதா? வாடகைக்கு வருபவர்களிடம் வாங்கிப் போட்டிருப்பார்கள். இருந்தால் தனி ஃபோல்டரில் வைத்து, லிங்க்கை "ரெஸ்ட்ரிக்டட்" ஆக்கி, இரண்டு பேருக்கு மட்டும் கொடுங்கள். இனி வாங்கும்போது கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதார் கேளுங்கள்.

புதுச்செயலர் | வெள்ளி, இரவு 8:30

ஆதார் இருந்தது. 37 பேருடையது. லிங்க் கிடைத்தால் யாரும் பார்க்கலாம் என்ற நிலையில். மாற்றிவிட்டேன், பாதிப் பேர் வீடு காலி செய்து போய்விட்டவர்கள், அவற்றை அழிக்கச் சொல்லிவிட்டேன்.

இன்று மாலை வீடியோ காலில் பெரியவரோடு உட்கார்ந்தேன். மகன் மவுஸைப் பிடித்தார், அவர் ஒவ்வொரு பில்லுக்கும் கதை சொன்னார். 2019 கோடையில் 600 அடி போட்டும் தண்ணீர் வராத போர்வெல்லுக்கு மட்டும் இருபது நிமிடம். எல்லாம் சங்கக் கணக்குக்கு மாறிவிட்டது. ஜிப்பும் இறக்கியாயிற்று, எண்ணிவிட்டேன்.

பொருளாளர் பெயரில் உள்ள 21 மட்டும் பாக்கி. காலையில் அவர் வீட்டுக்குப் போய், "உங்கள் டிரைவில் சங்கத்துக் கோப்பு இருக்கிறது, மாற்றித் தர வேண்டும்" என்றேன். "என்னிடம் டிரைவா? நான் வண்டியே ஓட்டுவதில்லையே" என்றார்.

டப்பாகம்ப்யூட்டர் | வெள்ளி, இரவு 8:34

காபி கேளுங்கள். அவர் உள்ளே போனதும் போனை எடுங்கள்.

மீனாட்சிபுரத்தாள் | வெள்ளி, இரவு 8:41

அதெல்லாம் வேண்டாம் அண்ணே, அவர் பேத்தி வரும்போது போங்கள். எங்கள் பொருளாளருக்கு அப்படித்தான் நடந்தது.